அபிசீனியாவுக்குப் போன கட்டுத்துணி

"ஏனுங்க அம்மணி... ஒரு மூட்டைப் பழந்துணிக்கு என்ன பாத்திரம் குடுப்பீங்க? குண்டாவா, டம்ளரா?"

கேட்டவன் போர்ட்டிகோத் தூணில் சாய்ந்துகொண்டு, மழையை வேடிக்கை பார்க்கிற சாக்கில் அவளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். ஜெபராணிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வராதா பின்னே? தலையில் துணி மூட்டை, கையில் உண்டியல் டப்பா, முந்தானையிலிருந்து சொட்டச் சொட்டத் தண்ணீர்... சிங்காநல்லூரில் மழைக்கு ஒதுங்க இந்தப் பெரிய வீட்டைத் தவிர வேறு இடம் கிடைக்கவில்லை. அதற்காகப் பழந்துணிக்குப் பாத்திரம் மாற்றுகிற வியாபாரி என்றா நினைப்பது? மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சராக்கும் அவள்!

"பாத்திரம் இல்லீங்க. புண்ணியம் குடுப்போம். வேணுமுங்களா?"

"புண்ணியத்துல காப்பி ஊத்திக் குடிக்க முடியுமுங்களா?"

கூட வந்த தாஜுன்னிசா களுக்கென்று சிரித்துவிட்டாள். அதே பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு டீச்சர், ஜெபராணியின் உயிர்த்தோழி. உயிர்த்தோழியாக இருந்து என்ன செய்ய, சிரிக்கக் கூடாத இடத்தில்தான் அவளுக்குச் சிரிப்பு வரும்.

"சிரிக்காதேடி!" என்று அதட்டிவிட்டு, உண்டியல் டப்பாவை அவன் மூக்குக்கு நேராக நீட்டினாள் ஜெபராணி. "படிக்கத் தெரியுமுங்களா? படிச்சுப் பாருங்க."

டப்பாவில் ஒட்டியிருந்த காகிதத்தை அவன் எழுத்துக் கூட்டிப் படித்தான். "அபிசீனியா... தொழுநோயாளர்... உதவி. அபிசீனியாவா? அது எங்கீங்க இருக்குது, அவினாசிக்கு அந்தப் பக்கமா?"

"கடலுக்கு அந்தப் பக்கம். ஆப்பிரிக்காவுல."

அவள் சொன்னாள். இந்த ஊரில் பல வருஷம் தொழுநோய்க்கு மருந்து பார்த்த டாக்டரம்மா ஒருத்தி இப்போது அங்கே போயிருக்கிறாள். அங்கே புண்ணைச் சுற்றக் கட்டுத்துணிக்குக்கூட வழியில்லையாம். சர்ச்சு வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் ஒன்றுசேர்ந்து பழைய வேட்டி சேலையைச் சேகரித்து, கட்டுத்துணியாகக் கிழித்துச் சுருட்டி, பெட்டி பெட்டியாக அனுப்பப்போகிறார்கள். கப்பல் கூலிக்குத்தான் இந்த உண்டியல்.

"நம்மூருலயே புண்ணோட கெடக்கறவங்க இல்லீங்களா?" என்றான் அவன். இந்தத் தடவை குரலில் கேலி இல்லை.

"இருக்காங்க. அவங்களுக்கும் செய்யறோமுங்க. புண்ணு எந்த ஊருல இருந்தா என்னங்க... வலிக்காமப் போயிருமா?"

சொல்லிவிட்டு அவள் நிமிர்ந்து பார்த்தாள். அப்போதுதான் அவன் கண்களைப் பார்த்தாள். சிரிக்கிற உதட்டுக்கும் அந்தக் கண்ணுக்கும் சம்பந்தமே இல்லை... ரொம்ப நாளாய் யாரும் ஏறிட்டுப் பார்க்காத கண்கள். ஜெபராணி சட்டென்று மழையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஐப்பசி மழை, அது பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது.

"நாளைக்கே ஒரு பீஸ் புது மல்லுத் துணி எடுத்துத் தாரேனுங்க."

"புதுசு வேண்டாமுங்க. கஞ்சி இருக்கும், ரணத்துல உறுத்தும். கட்டிக் கட்டி நைஞ்ச துணிதான் வேணும்."

"அப்படீன்னா சனிக்கெழமை கொண்டாந்து குடுத்துபோட்டுப் போறேன். என்ர பேரு அழகிரிசாமி. பல்லடத்துல பஞ்சு ஜின்னிங் பேக்டரி இருக்குதுங்க. அங்கே எல்லார் ஊட்டுலயும் கேக்கறேன்."

சொன்னபடியே வந்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றாம் வருஷத்து ஐப்பசியில் ஒரு சனிக்கிழமைகூட அவன் தவறவில்லை.

சர்ச்சை ஒட்டிய ஹாலில்தான் வேலை. சோடா உப்புப் போட்டு வேகவைத்து, வெயிலில் காயப்போட்ட துணியைக் கரையை வெட்டி எறிந்துவிட்டு நாலு விரல் அகலத்துக்கு நீளவாக்கில் கிழிக்க வேண்டும். பிறகு முழங்காலில் வைத்து இறுக்கிச் சுருட்ட வேண்டும். அழகிரிசாமி சுருட்டியது எல்லாம் கொழுக்கட்டை மாதிரி பிதுங்கிக்கொண்டு நின்றது.

"இதை அபிசீனியாவுக்கு அனுப்பினா கட்டுத்துணின்னு நெனைக்க மாட்டாங்க. பலகாரம்னு தின்னுபோடுவாங்க," என்றாள் தாஜுன்னிசா.

"உங்க பிரண்டைச் சொல்லிக் குடுக்கச் சொல்லுங்க. அவங்க மொறைக்கத்தான் சொல்லிக் குடுக்கறாங்க!"

ஜெபராணி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். சிரித்தது அவனுக்குத் தெரியக் கூடாதாம். அவன் அதற்காகத்தான் பல்லடத்திலிருந்து அத்தனை தூரம் பேக்டரி வேனை எடுத்துக்கொண்டு வருகிறான் என்பது ஹாலில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது, அவள் ஒருத்தியைத் தவிர. பெண்கள் சில விஷயத்தில் அப்படித்தான். தெரிந்துவிட்டால் பதில் சொல்ல வேண்டுமே!

உண்டியல் டப்பாவையும் அவன் சும்மா விடவில்லை. பல்லடத்துப் பஞ்சு வியாபாரிகளிடம் கொண்டுபோய்க் குலுக்கினான். "என்ன சாமி, கல்யாணத்துக்கு மொய்யா?" என்று அவர்கள் கேட்டார்களாம். "அப்படி நடந்தாச் சரீங்க, போடுங்கன்னேன்," என்று அவன் அவளிடம் சொன்னபோது, அவள் கையிலிருந்த சுருள் கீழே விழுந்து ஹால் முழுக்க வெள்ளையாய் உருண்டு ஓடியது. இருவரும் ஒரே நேரத்தில் குனிந்து எடுத்தார்கள். விரல் பட்டதா என்று கேட்காதீர்கள். பட்டது.

அன்றைக்கு ராத்திரி ஜெபம் பண்ணும்போது, அவளுக்கு அபிசீனியா முதலில் ஞாபகம் வரவில்லை. ஆண்டவரே, மன்னியும் என்று சொல்லிக்கொண்டாள்.

அவனோ அன்று மழைக்கு ஒதுங்கிய அந்தச் சிங்காநல்லூர் நாயுடு வீட்டுப் பிள்ளை. இவள் போஸ்ட் ஆபீஸில் தபால் பிரிக்கிறவரின் மகள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். எண்ணெயும் தண்ணீரும் என்று ஊர் சொல்லும். ஊர் சொல்வது கிடக்கட்டும், அவன் வீட்டைப் பற்றி எப்போது கேட்டாலும் அவன் பேச்சை மாற்றிவிடுகிறானே, அதுதான் அவளுக்குப் புரியவில்லை. தகப்பனார் இல்லை, தாயார் மட்டும் இருக்கிறார்... அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

கார்த்திகை பிறந்தது. கொச்சியிலிருந்து கப்பல் கிளம்புகிற தேதி தெரிந்துவிட்டது. கடைசிப் பெட்டி மட்டும் பாதிதான் நிறைந்திருந்தது. இன்னும் துணி வேண்டும், வேகவைத்துக் காயப்போட வேண்டும், மழையோ விடுகிறதாக இல்லை.

"இனி யாரு ஊட்டுல போயிக் கேக்கறதுன்னே தெரியலீங்க," என்று ஜெபராணி வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். சொல்லாமலே இருந்திருக்கலாம்.

மறுநாள் சாயங்காலம் அவன் ஒரு மூட்டையோடு வந்தான். உள்ளே ஏழெட்டு வேட்டிகள். துவைத்து, மடிப்புக் கலையாமல், வாசனையாக இருந்தன. வேகவைக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒன்று மயில்கண் கரை வேட்டி.

"இது கல்யாண வேட்டி மாதிரி இருக்குதுங்களே!"

"ஊட்டுல ஆரும் கட்டறதில்லீங்க... கிழியுங்க."

"நெசமாத்தானுங்களா?"

"கிழியுங்கன்னு சொல்றேனுல்ல!"

அவன் அப்படிக் குரலை உயர்த்தி அவள் கேட்டதே இல்லை. கத்தரிக்கோலால் கரையை வெட்டினாள். ஓரத்தில் ஒரு வெட்டுக் கொடுத்து, இரண்டு கையாலும் பிடித்துச் சர்ரென்று கிழித்தாள். அழகிரிசாமி கண்ணை மூடிக்கொண்டான். அவளுக்கு அது அன்றைக்கு உறைக்கவில்லை. பெட்டி நிறைந்துவிட்ட சந்தோஷத்தில் அவள் தலைகால் புரியாமல் இருந்தாள்.

அடுத்த சனிக்கிழமை, பெட்டிகளுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்த நேரத்தில், ஹால் வாசலில் ஓர் அம்மாள் வந்து நின்றார். பொட்டில்லாத நெற்றி, மழையில் நனைந்த வெள்ளைச் சேலை, காலில் செருப்புக்கூட இல்லை. அவரைப் பார்த்ததும் அழகிரிசாமியின் கையிலிருந்த சுத்தியல் நின்றுபோயிற்று.

"அம்மா..."

ரங்கநாயகி அம்மாள் மகனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக ஜெபராணியிடம் வந்தார்.

"கண்ணு, என்ர பெரியவனோட வேட்டி இங்கே வந்துபோச்சுன்னு பேக்டரி டிரைவர் சொன்னான். எங்க கண்ணு அது?"

அதட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்தக் 'கண்ணு'தான் ஜெபராணியை என்னவோ செய்தது. பெட்டிகளைக் காட்டினாள். உள்ளே நூற்றுக்கணக்கில் வெள்ளைச் சுருள்கள். எது எந்த வீட்டு வேட்டி, எது எந்த வீட்டுச் சேலை என்று இனி ஆண்டவரே வந்தாலும் பிரித்துச் சொல்ல முடியாது. அந்த அம்மாள் ஒரு சுருளை எடுத்துப் பிரித்தார். முகர்ந்து பார்த்தார். இன்னொன்றைப் பிரித்தார். பிறகு மூலையில் கிடந்த கூடை அவர் கண்ணில் பட்டது. வெட்டி எறிந்த கரைகள் கிடக்கிற கூடை. அதன் முன்னால் உட்கார்ந்து கைவிட்டுத் துழாவி, மயில்கண் கரையை உருவி எடுத்தார். அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஓவென்று அழுதார்.

"போன வருஷம் ஆடிப் பதினெட்டுக்குக் கொடுமுடிக்குப் போனான் என்ர நரசிம்மலு. காவேரி கொண்டுட்டுப் போயிருச்சு. ஒடம்புகூடக் கெடைக்கலை கண்ணு. தர்ப்பையில உருவம் பண்ணித்தான் கருமாதி செஞ்சாங்க. துணியெல்லாம் வண்ணானுக்குக் குடுத்துரோணும்னு ஊரே சொல்லுச்சு. நான் குடுக்கலை. வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழமை அலசி, நெழல்ல ஒணத்தி மடிச்சு வெச்சேன். ஆத்துல போனவன் எப்பவாச்சும் ஈரத்தோட வந்து நின்னான்னா... மாத்துத்துணி வேணுமில்ல?"

ஜெபராணியின் கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்தது.

"ஆரு கிழிச்சது?"

"நானுங்க."

"ஆரு எடுத்தாந்து குடுத்தது?"

அவள் அழகிரிசாமியைப் பார்த்தாள். இப்போது சொல்வான். நான்தான் அம்மா என்று ஒரு வார்த்தை... அவன் பார்வை தரையில் இருந்தது. சுத்தியலைக் கையில் பிடித்தபடி நின்றான். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"நான்தானுங்க கேட்டேன்," என்றாள் ஜெபராணி. "பெட்டி நெறையலைன்னு நான்தான் நச்சரிச்சேன். தப்பு என்மேலதானுங்க."

"ஊட்டுக்கு வந்து என்னைக் கேட்டிருந்தா, கட்டியிருந்த சேலைய அவுத்துக் குடுத்திருப்பேனே அம்மணி." அந்தக் கரையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு ரங்கநாயகி அம்மாள் எழுந்தார். "நீயும் ஒரு பிள்ளை பெத்துத்தான் இதைத் தெரிஞ்சுக்கோணும்."

அம்மாள் மழையில் இறங்கினார். அழகிரிசாமி பின்னாலேயே ஓடினான். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. பழியை அவள் விரும்பித்தான் ஏற்றுக்கொண்டாள், சரி. ஆனால் அதை அவன் அப்படியே விட்டுவிட்டுப் போவதா? பெரிய வீட்டுப் பிள்ளைக்குப் பழந்துணிக்காரி கேவலமாகப் போய்விட்டாளா? தாஜுன்னிசா எவ்வளவோ தேற்றிப் பார்த்தாள். "ஆம்பளைங்க வாய் சமயத்துல வேலை செய்யாதுடி," என்றாள். அவன் பேரை யாரும் எடுக்கக் கூடாது என்று மட்டும் ஜெபராணி சொன்னாள். சொன்னவள்தான் வாசலில் வேன் சத்தம் கேட்கும்போதெல்லாம் கரும்பலகையில் எழுதுவதை நிறுத்தினாள்.

பெட்டிகளை ரயிலேற்ற வேண்டிய நாளும் வந்தது. பேசி வைத்திருந்த மாட்டுவண்டிக்காரன் மழைக்குப் பயந்து வரவேயில்லை. இன்றைய ரயிலில் போகாவிட்டால் கொச்சியில் கப்பல் போய்விடும். ஹால் வாசலில் நின்று தாஜுன்னிசா கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது பல்லடம் ஜின்னிங் பேக்டரி வேன் வந்து நின்றது. அழகிரிசாமி இறங்கினான். யாரோடும் பேசாமல் பெட்டிகளைத் தூக்கி ஏற்றினான். தார்ப்பாயை இழுத்துக் கட்டினான். ஆள் பாதியாய் இளைத்திருந்தான்.

கோயமுத்தூர் ஸ்டேஷன் பார்சல் ஆபீஸில் பெட்டிகளை இறக்கிவிட்டுத்தான் அவளிடம் வந்தான்.

"சொல்லிட்டேனுங்க. எடுத்தது நான்தான்னு அம்மாகிட்டச் சொல்லிட்டேன்."

"இப்பச் சொல்லி என்ன பிரயோசனமுங்க?"

"ஒண்ணுமில்லைதான்." அவன் குரல் உடைந்தது. "அன்னைக்கு வாய் வரலீங்க. அண்ணன் போன பொறவு அம்மா என் மொகத்தைப் பாக்கறதே இல்லை. சோறு போடுவாங்க, பாக்க மாட்டாங்க. வேட்டியத்தான் பாப்பாங்க, வேட்டிகிட்டத்தான் பேசுவாங்க. அது போயிருச்சுன்னா என்னைப் பாப்பாங்கன்னு நெனைச்சுபோட்டேன். நோவாளிக்குக் கட்டுனா அண்ணனுக்கும் புண்ணியம்னு எனக்கே ஒரு சாக்கு சொல்லிக்கிட்டேன். பாவி நான்..."

இத்தனை நாள் சேர்த்து வைத்திருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்று என்றே ஜெபராணிக்குத் தெரியவில்லை. அன்று மழையில் பார்த்த அதே கண்கள்! அவற்றில் என்ன இருந்தது என்று இப்போதுதான் புரிந்தது. அழாதீங்க என்று சொல்ல வாயெடுத்து, தானே அழுதாள்.

"அம்மா என்ன சொன்னாங்க?"

"அவளைக் கட்டிக்கறதுன்னாக் கட்டிக்க. அவ இந்த ஊட்டுப் படி ஏறுனா, நான் எறங்கிப் போயிர்றேன்னாங்க." அவன் மூச்சை இழுத்துவிட்டான். "நான் எறங்கி வந்துட்டேனுங்க. பல்லடத்துல ஒரு ஊடு பாத்திருக்கேன். உங்க பாதிரியார் முன்னாலேன்னாலும் சரி, ரிஜிஸ்டர் ஆபீசுலேன்னாலும் சரி. நீங்க வாங்க. போதும்."

இதைக் கேட்கத்தானே அவள் மனசு இத்தனை நாளாய் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது! வாரேன் என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. ஆனால் கண்முன்னால் அந்த அம்மாள் கூடையின் முன்னால் உட்கார்ந்து துழாவிக்கொண்டிருந்தார்.

"ஒரு மகனோட துணியக் கிழிச்ச கையிதுங்க. இன்னொரு மகனையும் அந்த அம்மாகிட்ட இருந்து பிரிச்சுக்கிட்டு வந்து, நான் எப்படீங்க சோறு திம்பேன்? அவங்களுக்கு இப்ப வேட்டியும் இல்லை. நீங்களும் இல்லைன்னா ஊட்டுல ஆருங்க இருக்காங்க? போங்க. போயி அவங்க எதுத்தாப்புல உக்காருங்க. உங்க மொகத்தைப் பாக்கற வரைக்கும் உக்காருங்க."

"பாக்கவே இல்லைன்னா?"

"அப்பவும் உக்காருங்க."

"அப்படீன்னா..." அவன் அவளையே பார்த்தான். "என்னைப் புடிக்கலைங்களா? ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. புடிச்சிருக்குன்னோ இல்லைன்னோ, ஒரே ஒரு வார்த்தை. அதை வெச்சுக்கிட்டு நான் போயிர்றேன்."

ஜெபராணி வாயைத் திறந்தாள். சொன்னால் அவன் போக மாட்டான். சொல்லாவிட்டால்... அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்தாள். அவன் தலையை ஆட்டிவிட்டு வேனை நோக்கி நடந்தான்.

"ஏனுங்கம்மா," என்று பார்சல் கிளார்க் ஜன்னலுக்குள்ளிருந்து கூப்பிட்டார். "பெட்டியெல்லாம் கொண்டாந்து எறக்கினாரே, அவரு பேரு என்னங்க? ரசீதுல எழுதோணும்."

சாதாரணக் கேள்வி. பேரைச் சொல்லிவிட்டுப் போகவேண்டியதுதான். ஜெபராணி சொல்லத்தான் நினைத்தாள். 'அ' என்று உதடு பிரிந்தது. அதற்கு மேல் வரவில்லை. அவள் அம்மா ஒருநாளும் அப்பா பேரைச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட மகளைக் கிள்ளிச் சொல்லச் சொல்வாள். அதே மாதிரி இப்போது இவள் வாய் ஒட்டிக்கொண்டது. கன்னம் சிவந்து, கண் கலங்கி, முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

கிளார்க் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அட, ஊட்டுக்காரருங்களா? அதுதான் பேரு வர மாட்டேங்குது!"

வேன் கதவில் கை வைத்த அழகிரிசாமி அப்படியே நின்றான். தாஜுன்னிசா பதறிப்போய், இல்லீங்க சார் என்று சொல்ல வாயெடுத்தாள். ஜெபராணி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஆமாங்க," என்றாள். மழைச் சத்தத்திலும் கேட்கும்படியாகச் சொன்னாள்.

அவன் திரும்பி வந்தான். ஜன்னலில் குனிந்து, "அழகிரிசாமி, எழுதிக்குங்க," என்றான். அவன் முகமெல்லாம் நனைந்திருந்தது. மழையென்று கிளார்க் நினைத்திருப்பார். அவளைப் பார்த்தான்... அப்படி ஒரு பார்வை. கேட்ட ஒரு வார்த்தை கிடைத்துவிட்டது. அதோடு போவதாகச் சொன்னவன், சொன்னபடி போய்த்தானே ஆக வேண்டும்?

"அம்மாகிட்டப் போறேனுங்க."

"போயிட்டு வாங்க," என்றாள் ஜெபராணி, எந்த வீட்டுப் பெண்ணும் புருஷனை வழியனுப்பச் சொல்வதுபோல. வருவானா, அந்த அம்மாள் விடுவாரா, இந்த ஜென்மத்தில் அது நடக்குமா, அவளுக்கு ஒன்றும் தெரியாது. வேன் திருச்சி ரோட்டுப் பக்கம் திரும்பி மறைகிற வரைக்கும் நின்று பார்த்தாள். அதற்குப் பிறகுதான் பார்சல் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து, தாஜுன்னிசாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, வாய்விட்டு அழுதாள்.